பென்குயின் கரையில் சொன்னது

ஸ்டுட்கார்ட், 4.2.2007

மகள் லவினியா,

நீ தொலைபேசியை எடுக்காதபடியால் எழுதுகிறேன். தொலைபேசியைப் பாதியில் வைத்துவிடலாம். கடிதத்தைக் கிழித்தால்தான் உண்டு.

மெல்பேர்னிலிருந்து வந்து மூன்று கிழமை. பிராங்க்பேர்ட் விமான நிலையத்தில் நீ எங்களைத் திரும்பிப் பாராமல் பெட்டியை இழுத்துக்கொண்டு ஹாலே ரயிலுக்குப் போனாய். அப்பா, "விடும், பிள்ளைக்கு ஆஸ்பத்திரியில வேலை இருக்கும்" என்றார். வேலைக்குப் போகிற நடையா, கோபத்தில் போகிற நடையா என்று எனக்குத் தெரியாதா?

கணக்குப் பிழைத்தால் நான் முதல் வரியிலிருந்து திரும்பக் கூட்டுவேன். அந்த நாளையும் அப்படியே கூட்டிப் பார்க்கிறேன்.

காலையில் எவ்லின் சின்னம்மா வீட்டில் நல்ல சிரிப்பும் பேச்சும்தான். நீயும் அவளும் பாணுக்குச் சம்பல் பூசி அடுக்கினீர்கள். றெக்ஸ் சித்தப்பா வாகனத்தை எடுத்தார். பாலத்தைத் தாண்டித் தீவுக்குள் போனோம். ஓரிடத்தில் நிறுத்திச் சாப்பிட்டோம். அப்போதும் நீ என் பக்கத்தில்தான் இருந்தாய். "அம்மா, உங்களிட்ட ஒண்டு சொல்லவேணும், பிறகு சொல்லுறன்" என்றாய். நான் அதை மறக்கவில்லை.

பொழுது சாய, பென்குயின்கள் கரையேறுவதைப் பார்க்கக் கடலைப் பார்த்த சீமெந்துப் படிகளில் இருந்தோம். படம் எடுக்கக்கூடாது, எழும்பக்கூடாது, சத்தம் போடக்கூடாது என்று காவலுக்கு நின்ற பெட்டை சொல்லிவிட்டுப் போனாள். கோடைகாலம் என்று பேர், குளிர் எலும்புக்குள் போனது. அப்பா கம்பளியை என் மடியில் போட்டார். "அல்பேர்ட் அண்ணை, இவையள் உங்கட பேக்கரி ஆக்கள் மாதிரி, ஒரு நாளும் நேரம் பிந்தமாட்டினம்" என்று சித்தப்பா பகிடி விட்டார்.

பிறகு அதுகள் வந்தன. முழங்கால் உயரம்கூட இல்லை. நுரைக்குள்ளிருந்து நாலைந்து எழும்பி ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றன. ஒன்று இரண்டடி வைத்தது. மேலே ஒரு கடற்காகம் பறந்தது. அவ்வளவுதான், எல்லாம் விழுந்தடித்துத் தண்ணீருக்குள் ஓடிவிட்டன. திரும்ப வந்தன. திரும்ப ஓடின.

அதற்குப் பிறகு நான் செய்தது எனக்கே வெட்கம். எழும்பி நின்று, "போங்கோ, இப்ப போங்கோ, ஒருத்தரும் இல்லை!" என்று கத்தியிருக்கிறேன். காவல்காரப் பெட்டை ஓடிவந்து இருத்தினாள். நான் கண்ணை மூடிச் செபமாலையை வாய்விட்டே சொல்லத் தொடங்கினேன். "அம்மா, எல்லாரும் பாக்கினம்" என்று நீ சொன்னது கேட்டது. எவ்லின் உன் காதுக்குள் ஏதோ சொன்னதும் தெரிந்தது. கண்ணைத் திறந்தபோது நீ என் பக்கத்தில் இல்லை, படியின் மற்ற அந்தத்தில் போய் இருந்தாய்.

நான் கத்தியதற்காகவா இவ்வளவு கோபம்? அல்லது அவள் என்ன சொன்னாள்? அவளைக் கேட்டேன். "தெரியும் எண்டு நினைச்சன் அக்கா" என்று அழுதுகொண்டு தொலைபேசியை வைத்துவிட்டாள்.

அம்மா


ஹாலே, 18.2.2007

அம்மா,

கிழிக்கவில்லை.

நீங்கள் கத்தியதற்காகக் கோபம் இல்லை. சின்னம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "விடு பிள்ளை, அக்காவுக்குப் பேசாலைக் கரை ஞாபகம் வந்திட்டுது. உன்னை மாதாவுக்கெண்டு நேர்ந்தது அங்கைதானே. உனக்குத் தெரியும்தானே?"

எனக்குத் தெரியாது. தெரிந்த ஆள் மாதிரித் தலையாட்டினேன்.

ஒவ்வொரு ஓகஸ்டும் கெவலார் மாதா கோயில் திருவிழாவுக்கு முதல் நாள் என்னைக் குசினிக் கதவு நிலையோடு நிற்கவைத்து, உச்சியிலிருந்து குதிவரை நூல் பிடித்து அளப்பீர்கள். "நிமிர்ந்து நில், மூச்சை இழு" என்பீர்கள். அந்த நூலை மெழுகில் தோய்த்துச் சுருட்டி, அதைத்தான் மாதாவுக்கு முன்னால் கொளுத்துவீர்கள். நான் சுகமாக வளரவேண்டும் என்று எல்லா அம்மாமாரும் செய்கிற வேலை என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்தேன். போன வருசம்கூட ஹாலேயிலிருந்து வந்து, இருபது வயதில், சிரித்துக்கொண்டு நின்றேன்.

அது இதற்குத்தானா? நான் கன்னியாஸ்திரியாகப் போகவேண்டும் என்று நேர்ந்தீர்களா? ஓம் அல்லது இல்லை. வேறு ஒன்றும் எழுதவேண்டாம்.

லவினியா


ஸ்டுட்கார்ட், 25.2.2007, தவசு காலத்து முதல் ஞாயிறு

மகள்,

ஓம்.

வேறு ஒன்றும் எழுதவேண்டாம் என்றாய். ஆனால் ஒற்றைச் சொல் முழு உண்மை ஆகாது, அதனால் எழுதுகிறேன்.

தொண்ணூறாம் ஆண்டு, உனக்கு நாலு வயது. மன்னாரில் பேசாலைக் கரையில் இந்தியாவுக்குப் போகிற வள்ளத்துக்காகப் படுத்திருந்தோம். உனக்குக் காய்ச்சல். என் தோளில் கிடந்தாய், கூப்பிட்டால் முனகுவாய். வள்ளம் கரைக்குக் கிட்ட வராது, நெஞ்சளவு தண்ணீருக்கு நாங்கள்தான் போய் ஏறவேண்டும். இருட்டினதும் எல்லோரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினோம். தூரத்தில் கடற்படையின் வெளிச்சம் அடித்தது. விழுந்தடித்துக் கரைக்கு ஓடிவந்தோம். திரும்ப இறங்கினோம். திரும்ப ஓடினோம். முதலில் அடி வைக்க ஒருவருக்கும் துணிவில்லை. அந்தப் பறவைகள் நின்ற நிலை அதுதான் பிள்ளை, அச்சொட்டாக அதுதான்.

மூன்றாந்தரம் கரைக்கு வந்தபோது நீ முனகவில்லை. கன்னத்தில் தட்டினேன். அப்பா உன் நெஞ்சில் காது வைத்துக் கேட்டார், கடல் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை என்றார். அப்போதுதான் சொன்னேன்: "மடு மாதாவே, இந்தப் பிள்ளை கண் முழிச்சால் நீயே எடு. உன்ர வீட்டுப் பிள்ளையா வளர்த்துத் தாறன்." எவ்லின் பக்கத்தில் நின்று கேட்டாள். வள்ளத்தில் ஏறின பிறகு நீ கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டாய்.

அதற்குப் பிறகு நான் என்ன செய்வது? கேட்டதைத் தந்த இடத்தில் சொன்ன சொல்லைத் திருப்பி வாங்கலாமா? சண்டைக்குள் மடுக் கோயிலுக்குப் போகமுடியாது. ஜெர்மனிக்கு வந்த பிறகு கெவலாரில் தமிழர் கூடுகிறார்கள் என்று அறிந்து, அங்கே போய் மாதாவிடம் கணக்குக் காட்டினேன். இதோ, இவ்வளவு உயரம் வந்துவிட்டாள், இந்த வருசம் இவ்வளவு என்று. அதுதான் நூல்.

உன்னிடம் சொல்லவில்லை. இந்தா, இந்தா என்று தள்ளிப்போட்டேன். நீ ஹாலேயில் தாதி வேலைக்கு Ausbildung, பயிற்சி எடுக்கப் போகிறேன் என்றபோது, கன்னியர் நடத்துகிற ஆஸ்பத்திரி என்று கேட்டு உள்ளுக்குள் சந்தோசப்பட்டேன். அதையும் சொல்லவில்லை.

வெறுக்காதே.

அம்மா


ஹாலே, 11.3.2007

அம்மா,

உங்கள் கடிதத்தைப் பல தரம் வாசித்தேன். அந்தக் கரையில் நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அதனால் வெறுக்கவில்லை. ஆனால் நீங்கள் நினைக்கிற பிரச்சினை இதில்லை.

இதை ஜெர்மனில் எழுதினால் வடிவாக எழுதிவிடுவேன். தமிழில் எழுதினால் பொய் சொல்ல எனக்குச் சொற்கள் போதாது. அதனால் தமிழில் எழுதுகிறேன்.

இது பழைய கிழக்கு ஜெர்மனி, இங்கே என் வகுப்பில் ஞானஸ்நானம் பெற்றவள் நான் ஒருத்திதான். கடவுள் என்றால் மற்றவர்கள் மரியாதையாகச் சிரிப்பார்கள். ஆஸ்பத்திரியில் கன்னியர் நாலு பேர் மட்டும் மிச்சம். இளையவருக்கே அறுபத்தெட்டு வயது. இர்ம்கார்ட் சகோதரிக்கு எண்பது. அவர் சைக்கிள் செயினோடு சண்டை பிடிப்பார், வாயில் வருகிற சொற்களை உங்களுக்கு எழுதமுடியாது. போன வருசம் நானும் அவரும் நின்ற அறையில் ஒரு கிழவர் இறந்தார். அவருக்கு உறவு ஒருவரும் இல்லை. சகோதரி அவருடைய கண்களை மூடிவிட்டார், சன்னலைத் திறந்தார், கதிரையில் அமர்ந்து, அந்த மனிதர் பாதி கடித்து வைத்த அப்பிளை எடுத்துச் சாப்பிட்டார். "வீணாக்கக்கூடாது, எனக்குத் தந்ததுதான்" என்றார். அழுகையும் இல்லை, பிரசங்கமும் இல்லை. எனக்கு இந்த ஆள் மாதிரி வாழவேண்டும் என்று வந்தது. அன்றிலிருந்து காலைச் செபத்துக்கு அவர்களோடு போய் இருப்பேன். ஒருவருக்கும் சொல்லவில்லை.

அந்த நாள் படிகளில் வைத்து உங்களுக்குச் சொல்ல இருந்தேன். "அம்மா, நான் கன்னியர் மடத்துக்குப் போக யோசிக்கிறன்." தமிழில் அந்த வசனத்தை விமானத்திலேயே பாடமாக்கி வைத்திருந்தேன்.

சின்னம்மா முந்திவிட்டார்.

ஒரு நிமிசத்துக்குள் அது என்னுடையதாக இல்லாமல் போய்விட்டது. பதினேழு வருசமாக யாரோ நடத்திவந்த பாதையில் நானே நடந்து வந்ததாக நினைத்துக்கொண்டிருந்தேனோ? அந்த அப்பிளைப் பார்த்தது நானா, இல்லாவிட்டால் நீங்கள் பிடித்த நூலா? இப்போது காலைச் செபத்தில் இருந்தால் அதுதான் நினைவு. இழுக்கிறது யார்?

நீங்கள் கண்ணை மூடிச் செபித்தபடியால் காணாத ஒன்று. எல்லாப் பென்குயினும் மணலைக் கடந்து குஞ்சுகளிடம் போன பிறகு, ஒன்று மட்டும் தண்ணீர் விளிம்பில் தனியே நின்றது. போகவும் இல்லை, திரும்பவும் இல்லை. சித்தப்பா வாகனத்துக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டுவிட்டார். அது வந்ததா என்று தெரியாது. அடிக்கடி அதுதான் ஞாபகம் வருகிறது.

லவினியா


ஸ்டுட்கார்ட், 19.3.2007, சூசையப்பர் திருநாள்

என் கண்ணே,

உன் கடிதத்தை வாசித்து முடிக்க முதலே முழங்காலில் நின்றுவிட்டேன். குசினி நிலத்தில், அடுப்பில் பருப்பு அடிப்பிடிக்க. அப்பா ஓடிவந்து, "என்னப்பா, ஆர் செத்தது?" என்றார். "ஒருத்தரும் சாகேல்லை, உங்கட பிள்ளை உயிரோட இருக்கிறாள்" என்று கடிதத்தைக் காட்டினேன். அவர் வாசித்தார், போய்ப் படுத்தார். ஆம்பிளைகளுக்கு இது விளங்க நாள் எடுக்கும்.

மாதா என் சொல்லை ஏற்றுக்கொண்டாள் பிள்ளை! நான் வாய் திறக்காமலே உன் மனதில் போட்டிருக்கிறாள். ஞாயிறு தமிழ்ப் பூசை முடியப் பக்கத்தில் இருந்த அன்ரனிற்றாவிடம் சொன்னேன், இன்னும் இரண்டு மூன்று பேரிடமும். எவ்லினுக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னேன், அவளும் அழுதாள். ஓகஸ்டில் கெவலாருக்கு நீயும் வா. இந்த முறை நூலை நீயே கொளுத்து.

யார் இழுக்கிறது என்று கேட்டிருக்கிறாய். யார் இழுத்தால் என்ன மகள், போகிற இடம் நல்ல இடம்தானே?

அம்மா


ஹாலே, 1.4.2007

அம்மா,

வாசித்து முடிக்க முதல் முழங்காலில் நின்றிருக்கிறீர்கள். முடித்துப்போட்டு நின்றிருக்கலாம்.

காலைச் செபத்துக்கு இப்போதைக்கு வரவில்லை என்று சகோதரிகளிடம் சொல்லிவிட்டேன். இர்ம்கார்ட் சகோதரி ஏன் என்று கேட்கவில்லை. "அப்ப காலையில உனக்கு நேரம் இருக்கு, என்ர சைக்கிளைப் பார்" என்றார்.

உயிர்த்த ஞாயிறுக்கு வரமாட்டேன். எழுதவும் வேண்டாம்.

லவினியா


ஸ்டுட்கார்ட், 20.5.2007

மகள்,

எழுதவேண்டாம் என்றாய். ஏழு கிழமை எழுதவில்லை. மாதாவின் மாதம் முடிய முதல் இதைச் சொல்லாவிட்டால் நான் பூசையில் நற்கருணை எடுக்கப் போகமுடியாது. இதை வாசி. பதில் எழுதவேண்டாம்.

உன் கடிதத்தைப் பிறகு ஆறுதலாக வாசித்தேன். அப்பாதான் எடுத்துத் தந்தார். "கொறற்றி, நீர் பிள்ளையின்ர கடிதம் வாசிக்கேல்லை, உம்மட நேத்திக்கடனைத்தான் வாசிச்சிருக்கிறீர்" என்றார். முப்பது வருசத்தில் அந்த மனிதன் எனக்கு இவ்வளவு கடுமையாகப் பேசியதில்லை.

தமிழ்ப் பூசைக்கு வந்த சுவாமியிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டார், "நேர்ந்தது ஆர்?"

"நான் சுவாமி."

"பிள்ளையைக் கேட்டோ நேர்ந்தனீங்கள்?"

"நாலு வயசு சுவாமி. காய்ச்சல்ல கிடந்தது."

"அப்ப அது உங்கட நேத்தி. நேத்தி நேர்ந்த ஆளைத்தான் கட்டும், வேற ஆளைக் கட்டாது. திருச்சபைச் சட்டமே அதுதான் அக்கா."

"அப்ப நான் இவ்வளவு வருசமும் கொளுத்தினது?"

"மெழுகுதிரி. மெழுகுதிரி கொளுத்தினதில ஒரு பிழையும் இல்லை."

பள்ளிக்கூடம் அதிகம் போகாதவள். செபப்புத்தகங்களை எழுத்துக்கூட்டி நானாகப் படித்தவள். எல்லாம் படித்தேன், இந்த ஒன்றைப் படிக்கவில்லை. என்னிடம் இல்லாத பொருளைக் கொடுப்பதாக எழுதிவைத்து, ஒவ்வொரு வருசமும் அது எவ்வளவு வளர்ந்தது என்று கணக்குக் காட்டியிருக்கிறேன்.

"மாத்தித் தரலாம்" என்றார் சுவாமி. "நீங்கள் உங்களைத்தான் குடுக்கலாம். உங்கட நேரத்தைக் குடுங்கோ." இங்கே வயது போன கன்னியர் இருக்கிற இல்லத்தில் வியாழக்கிழமைகளில் கை உதவி கேட்டார்கள். போகிறேன். குளிப்பாட்டி, சீப்பால் தலை இழுத்து, கஞ்சி பருக்கி விடுகிறேன். என் ஜெர்மன் அவர்களுக்கு விளங்காது, அவர்களின் ஜெர்மன் எனக்கு விளங்காது. காது கேளாதபடியால் அவர்களுக்கு அது பரவாயில்லை.

அன்ரனிற்றாவிடமும் மற்றவர்களிடமும் ஒவ்வொருவராகப் போய், நான் சொன்னது சரியில்லை, பிள்ளை ஒன்றும் முடிவு எடுக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். "என்ன கொறற்றி, போன மாதம் கன்னியாஸ்திரி, இந்த மாதம் இல்லையோ?" என்று அன்ரனிற்றா கேட்டாள். "இல்லை. நான் அவசரப்பட்டிட்டன்" என்றேன்.

ஒன்றை மறைக்கக்கூடாது. நீ மடத்துக்குப் போனால் எனக்கு அதைவிடச் சந்தோசம் இல்லை. இன்றைக்கும் அந்த ஆசை இருக்கிறது, போகச்சொன்னால் போகுதில்லை. ஆனால் அது என் ஆசை. பேசாலையில் உன்னைக் காப்பாற்றக் கேட்டது வேறு, இந்த ஆசை வேறு. இரண்டையும் ஒன்றாக முடிந்து மாதாவின் பேரில் வைத்துவிட்டேன். இப்போது அவிழ்த்திருக்கிறேன்.

உன்னில் ஒரு நேத்தியும் இல்லை. நீ ஒருவருக்கும் ஒன்றும் கட்டவேண்டியதில்லை.

அம்மா


ஸ்டுட்கார்ட், 13.8.2007

மகள்,

கெவலாருக்குப் போய் வந்தோம். பேருந்து நிறையச் சனம். வழக்கம்போல செபமாலை மாதிரி நீளத்துக்குக் கார் வரிசை, வழக்கம்போல வெயில்.

முதல் நாள் அன்ரனிற்றாவை வீட்டுக்குக் கூப்பிட்டு, குசினிக் கதவு நிலையோடு நான் நின்றேன். நூலை அவள் பிடித்தாள். "என்ன கொறற்றி, இந்த வயசில வளரப் போறியோ?" என்றாள். "பேசாமல் பிடி" என்றேன். நிமிர்ந்து நின்று மூச்சை இழுத்தேன். நீ ஒவ்வொரு வருசமும் எப்படி நின்றிருப்பாய் என்று அப்போதுதான் தெரிந்தது. கழுத்து நோகிறது.

போன வருசம் உன்னை அளந்த நூலின் நீளம் என் கைக்கு ஞாபகம். அதைவிட இது ஒரு சாணுக்கு மேல் குறைவு. மெழுகில் தோய்த்துச் சுருட்டிக் கொண்டுபோய் மாதாவுக்கு முன்னால் வைத்தேன். "இது நான்தான். பிள்ளையின்ர உயரம் இனி உன்னட்டை வராது, தேடாதே" என்று சொன்னேன். எரிந்து முடியும்வரை நின்றேன். கெதியாக முடிந்துவிட்டது.

திரும்பி வருகிற வழியில் அப்பாவிடம் நீ எழுதிய அந்தத் தனிப் பென்குயினைப் பற்றிச் சொன்னேன். அந்தக் கடைசித் தாளை மட்டும் அவருக்குக் காட்டவில்லை, எனக்கு எழுதியது என்று வைத்திருந்தேன். அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "அதை நான் கண்டனான்! நீங்கள் எல்லாரும் போனாப்பிறகு நான்தானே கம்பளி மடிச்சுக்கொண்டு நிண்டன். அது வந்தது. ஆறுதலா வந்தது. நடுவில நிண்டு செட்டையைக் கோதிச்சுது, பிறகு நடந்து மேல போச்சுது."

"ஏன் சொல்லேல்லை?" என்றேன்.

"ஆர் கேட்டது? நீர் கத்தாமல் விட்டபடியாத்தான் வந்தது" என்றார்.

பேருந்தில் எல்லோரும் மாதா பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார்கள். நானும் அப்பாவும் சிரித்துக்கொண்டு வந்தோம்.

வா என்று கூப்பிடவில்லை. வருவதென்றால் எத்தனை பேர் என்று மட்டும் எழுது. தனிய வந்தாலும், சிநேகிதியோடு வந்தாலும், ஒரு பெடியனோடு வந்தாலும், இர்ம்கார்ட் சகோதரியைச் சைக்கிளோடு கூட்டிவந்தாலும், நான் ஆள் கணக்குக்குத்தான் அரிசி போடுகிறவள். வேறு ஒரு கேள்வியும் கேட்கமாட்டேன்.

அம்மா


ஹாலே, 20.8.2007

அம்மா,

சனிக்கிழமை வாறன். நான் மட்டும்.

போன மாதத்திலிருந்து காலைச் செபத்துக்குத் திரும்பப் போறன். அது ஒரு முடிவு இல்லை. சைக்கிள் திருத்தி முடிஞ்சுது, நேரம் இருக்கு, போறன். அவ்வளவுதான் இப்போதைக்கு எனக்குத் தெரியும். நீங்கள் கேட்காவிட்டால் மிச்சத்தை நானாகச் சொல்லுவன்.

அப்பா கண்டதைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். செட்டையைக் கோதினது எண்டதை.

மற்றது, அன்ரனிற்றா அன்ரி நூலைப் பிழையாகத்தான் பிடிச்சிருக்கிறா. சனிக்கிழமை கதவு நிலையோட நில்லுங்கோ, நான் பாக்கிறன். நீங்கள் அவ்வளவு கட்டை இல்லை.

லவினியா